டெல்லியைப் பார்த்துத் திருப்பிய டிஷ்

1. மாடி ஏறுவியா?

தென்காசியில் டிவி கடைக்கு வேலை கேட்டுப் போன முதல் நாள், முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, சேலையோட மாடி ஏறுவியா?" என்பதுதான்.

ஐ.டி.ஐ.யில் ரேடியோ-டிவி டிரேடு முடித்த சர்டிபிகேட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. "சால்டரிங் எல்லாம் நீ நல்லாத்தான் பண்ணுவ. அத யாரு கேட்டா? நான் கேக்கது மாடி."

"ஏறுவேன் முதலாளி. இறங்கவும் தெரியும்."

சிரித்துவிட்டார். அப்படித்தான் வேலை கிடைத்தது. அன்று மத்தியானமே ஒரு மொட்டை மாடியில், ஆன்டெனா பைப் சாயாமல் கட்டுகிற ஸ்டே கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே தெருவில் ஒரு கூட்டம் டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. "என்னவே, படம் உள்ளல்லா ஓடுது, இங்கன என்ன பாக்கீரு?" என்று கத்தினேன். அத்தோடு கூட்டம் கலைந்தது. இந்த வேலைக்கு வருகிற உங்களைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். கையில் ஸ்பேனர் இருக்கும்போது வெட்கப்பட நேரம் கிடையாது.

அது எண்பதுகளின் தொடக்கம். எங்கள் பக்கம் டிவி என்றால் இலங்கை டிவிதான். ஜி.ஐ. பைப்பை ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டி, உச்சியில் ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்டி, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து படத்தைப் பிடிப்போம். மேலே ஒருத்தர் பைப்பைத் திருப்ப வேண்டும். கீழே வீட்டுக்காரர்கள் கத்த வேண்டும். "வருது, வருது... ஏ, போச்சு! பழையபடி திருப்பு!" தென்காசித் தெருக்களில் சாயங்காலமானால் இந்தச் சத்தம்தான். ஆன்டெனா எந்த ஊர்ப் படத்தைப் பிடிக்கிறதோ அந்த ஊரைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது டிவி வைத்திருந்த அத்தனை பேருக்கும் மனப்பாடம். இலங்கை என்றால் தென்கிழக்கு. இதில் தப்பே கிடையாது. ஆன்டெனாவுக்கு அதுதான் சரி.

ஆனால் டெல்லி நிகழ்ச்சி வேண்டும் என்றால் எங்கள் பாடு திண்டாட்டம்தான். டெல்லி நிகழ்ச்சியை வாங்கிப் போடுகிற திருவனந்தபுரம் ஸ்டேஷன் மலைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. மலை விடாது. குற்றாலம், இலஞ்சி, மேலகரம் எல்லாம் மலைக்கு அடியிலேயே கிடக்கிற ஊர்கள். அங்கே எத்தனை பைப் ஏற்றினாலும் திரையில் நிழல்தான் ஆடும்.

2. கோழிவலைக் கிண்ணம்

சில வருடம் கழித்து மெட்ராஸிலிருந்து லாரியில் முதல் டிஷ் வந்து இறங்கியது. இப்போது நீங்கள் மொட்டை மாடியில் மாட்டுகிற சட்டி அல்ல அது. பன்னிரண்டு அடி அகலம். இரும்பு ஆங்கிளில் சட்டம், அதன் மேல் கோழிவலை. நடுவில் மூன்று கால் நிறுத்தி, அதன் உச்சியில், சிக்னலை வாங்குகிற ஃபீட். அதோடு சேர்ந்த ஒரு பெட்டி. அங்கிருந்து தடிமனான கேபிள் வீட்டுக்குள் ரிசீவருக்கு வரும். ரிசீவரிலிருந்து டிவிக்கு.

அதைக் குற்றாலத்தில் ஐந்தருவிப் பாதையில் இருந்த ஒரு லாட்ஜில் மாட்டினோம். சீசன் நேரம். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். "அண்ணாச்சி, வல இருக்கு, கோழி எங்க?" என்று முதலாளியை வம்புக்கு இழுப்பார்கள். குரங்குகள் கேலியெல்லாம் பண்ணவில்லை. நேராக ஏறி ஃபீடைப் பிடித்து ஊஞ்சல் ஆடின. ஒவ்வொரு தடவையும் நான் போய்த் திரும்ப அலைன் பண்ண வேண்டும். அந்தக் குரங்குகள் புண்ணியத்தில்தான் எனக்கு வேலை கையில் படிந்தது.

டிஷ் விஷயத்தில் எல்லோரையும் குழப்பியது ஒன்றுதான். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால், டெல்லி நிகழ்ச்சியை வாங்கித் திருப்பி அனுப்புகிற செயற்கைக்கோள் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே இருந்தது. உச்சியிலிருந்து தெற்கே ஒரு சின்னச் சாய்வு, கொஞ்சம் மேற்கே. அவ்வளவுதான். அதனால் டிஷ் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். மலை மறைக்காது, உயரம் வேண்டாம், தரையிலேயே வைக்கலாம். காம்பஸ், பாகைமானி, கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டு, இந்த மூன்றை வைத்துச் சாய்வைப் பிடிப்போம். டிஷ்ஷின் வடக்கு விளிம்பைத் தூக்கி நிறுத்த ஒரு மரை போட்ட கம்பி உண்டு. அதன் நட்டைச் சுற்றச் சுற்ற, திரையில் கடுகு பொரிகிற மாதிரி தெறிக்கிற வெள்ளைப் புள்ளிகள் குறைந்துகொண்டே வரும். எங்கே மிகவும் குறைகிறது என்று பார்த்து அங்கே இறுக்கிவிட வேண்டும். விளிம்பு நான்கு விரல் அகலம் நகர்ந்தால் போதும், மொத்தப் படமும் போய்விடும். இப்போது செல்போனை நீட்டினால் அது திசையைச் சொல்லிவிடுகிறது. உங்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது, பொய் சொல்வானேன்.

3. அண்ணன் கண்ணு சொல்லணும்

ஒரு பொங்கலுக்கு முன்னால் இலஞ்சியிலிருந்து சுடலைமுத்து அண்ணாச்சி கடைக்கு வந்தார். வயலும் தென்னந்தோப்பும் உள்ள குடும்பம். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"லாட்ஜில வச்சிருக்கியளே, அந்த வலச்சட்டி. எனக்கு ஒண்ணு வேணும். குடியரசு தினத்துக்குள்ள வேணும்."

"வீட்டுக்கா?" என்றார் முதலாளி.

"வீட்டுக்குத்தான். எம் மக டெல்லில நடக்கப் போறா. அத எங்க அண்ணனுக்குக் காட்டணும்."

மகள் கோமதி திருநெல்வேலியில் காலேஜில் படித்தாள். அங்கே காக்கி உடுத்திப் பரேடு பழகுகிற கேடட் பிள்ளைகளில் ஒருத்தி. டெல்லி குடியரசு தின அணிவகுப்புக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அண்ணாச்சி சரி என்று அனுப்பிவிட்டார். அவருடைய அண்ணன் பரமசிவம் வீரகேரளம்புதூரில் இருந்தார். அந்தக் குடும்பத்தில் அவர் சொல்தான் முடிவு. அவர் கொதித்துப்போய்விட்டார். பொட்டப்பிள்ளையைத் தனியாக டெல்லிக்கு அனுப்பினவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். புளியங்குடிப் பக்கம் ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தார். பிள்ளை ஊர் திரும்பியதும் படிப்பை நிறுத்திவிட்டு மாசியில் கல்யாணம். கோமதிக்கோ படிப்பை முடித்துவிட்டு போலீஸில் சேர வேண்டும் என்று ஆசை.

"நீங்கதான அப்பா? கல்யாணம் வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதான?" என்று கேட்டேன். எனக்கு வாய் அதிகம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. "எங்க அப்பா போன பொறவு என்னைய வளத்தது அவருதாம்மா. அவரு பேச்சத் தாண்டி எனக்குப் பேச்சு வராது. கெஞ்சிப் பாத்துட்டேன். 'அங்கன போயி அவ என்னதான் பண்ணுதான்னு எங்கண்ணால பாக்கேன், பொறவு சொல்லுதேன்'னாரு. அந்த மட்டும் எறங்கி வந்திருக்காரு. நான் சொல்லி ஆகாது. அவரு கண்ணு சொல்லணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். "செண்பகம், நீ போ. இந்த வீட்டுக்கு நீதான் சரி." ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரிந்தது.

மாட்டுப்பொங்கல் முடிந்த மறுநாள் இலஞ்சிக்குப் போனோம். வீட்டை ஒட்டின களத்துமேட்டில் காங்கிரீட் போட்டு, டிஷ்ஷை நிறுத்தி, கேபிள் இழுத்து, இரண்டே நாளில் டெல்லிச் செய்தி தெளிவாக வந்துவிட்டது. கோமதியின் அம்மா ரிசீவருக்குக் குங்குமம் வைத்தார். நான் ஃபைன் டியூனிங் குமிழைக் காட்டி, "அண்ணாச்சி, காலைக் குளிர்ல பெட்டி சூடேறுத வரைக்கும் படம் கொஞ்சம் பொரியும். இத பைய திருப்புனா போதும். வெளிய டிஷ்ஷத் தொட வேண்டாம்" என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். கிளம்பும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, டெல்லி வடக்க இருக்கு. நீ தெக்க சாச்சு வச்சிருக்கியே?"

டெல்லி அனுப்புவது வானத்துக்கு, வானத்திலிருந்துதான் நமக்கு வருகிறது என்று சொன்னேன். "அது சரி" என்றார். அந்த "அது சரி"க்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அன்று நான் யோசித்திருக்கலாம்.

4. அணிவகுப்பு

குடியரசு தினக் காலையில் கடையில் கொடி குத்தி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி தோப்பில் வேலை பார்க்கிற மாடசாமி சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"எம்மா, வலச்சட்டி சாஞ்சுட்டு! படத்தக் காணோம்! வீரகேரளம்புதூர் பெரிய மொதலாளி வந்து உக்காந்துட்டாரு!"

டூல் பையைக் கேரியரில் வைத்து என் சைக்கிளை மிதித்தேன். இலஞ்சி வரைக்கும் மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். யாரை என்று தெரியாமலே திட்டினேன்.

போய்ப் பார்த்தால் டிஷ் வடக்கே பார்த்துச் சாய்ந்து கிடந்தது. அண்ணாச்சி பக்கத்தில் பெரிய ஸ்பேனரோடு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. நடந்தது இதுதான். காலையில் அண்ணன் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். டிவியைப் போட்டதும் வழக்கம்போல் புள்ளி பொரிந்திருக்கிறது. "என்னலே, மழ பெய்யுத மாதிரில்லா இருக்கு. இதுலயா உன் மகளப் பாக்கது?" என்றிருக்கிறார் அண்ணன். அந்த ஒரு சொல்லில் அண்ணாச்சிக்கு நான் சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. ஆன்டெனாக் காலத்துப் பாடம்தான் ஞாபகம் வந்தது. படம் டெல்லியிலிருந்து வருகிறது, டெல்லி வடக்கே இருக்கிறது. டிஷ்ஷைக் கொஞ்சம் வடக்கே திருப்பிவிட்டால் தெளிந்துவிடும் என்று நட்டைக் கழற்றியிருக்கிறார். பாரம் தாங்காமல் டிஷ் இறங்கி, கம்பி வளைந்து, மரையும் தேய்ந்துவிட்டது.

"நான் கெடுத்துட்டேம்மா" என்றார். "எம் புள்ள பொழப்ப நானே கெடுத்துட்டேன்."

எனக்கு வாயில் வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டேன். "மணி ஆகலை அண்ணாச்சி. கேடட் பிள்ளைகள் பட்டாளமெல்லாம் போன பொறவுதான் வரும். பிடிங்க."

மாடசாமி ஒரு பக்கம், அண்ணாச்சி ஒரு பக்கம். வடக்கு விளிம்பைத் தூக்கச் சொன்னேன். நான் தூக்குக்குண்டைப் பிடித்துச் சாய்வைப் பார்த்தேன். கோமதியின் அம்மா ஜன்னலில் நின்று படத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இல்ல... இல்ல... ஆ, வந்துட்டு!" அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டு முட்டுக் கொடுக்கப் பார்த்தேன். செங்கல்லை அடுக்கினால் ஒரு கல் கூடியது, ஒன்றை எடுத்தால் குறைந்தது. தென்னை மட்டையைச் செதுக்கி வைத்தால் காற்றுக்கு ஆடியது. உள்ளே டிவியில் கழுத்தை ஆட்டி ஒட்டகங்கள் நடந்துகொண்டிருந்தன. பட்டாளம் போய்விட்டது என்று கோமதியின் அம்மா கத்தினார். இனி நேரமில்லை.

"கையாலயே பிடிக்கணும்" என்றேன். "ஆடக் கூடாது. ரிசீவர்கிட்ட ஒராள் வேணும், அது நான் போறேன். அண்ணாச்சி, நீங்க உள்ள வாங்க. பெரியவரக் கூப்பிடுதேன், அவரு வந்து ஒரு பக்கம் பிடிக்கட்டும்."

"எங்க அண்ணனா?" என்றார். விளிம்பிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "என்னம்மா பேசுத? அவரு பாக்கதுக்குத்தான இவ்வளவும். நான் பிடிச்சுக்கிடுதேன். நீ உள்ள போ."

"உங்க மகளத்தான் காட்டப் போறாங்க."

"எம் மகள எனக்குத் தெரியாதா? நீ போம்மா."

நான் உள்ளே ஓடினேன். வேறு என்ன செய்ய? பெரியவர் பரமசிவம் கையைக் கட்டிக்கொண்டு திரைக்கு நேரே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "நீதான் மெக்கானிக்கா?" என்றார். "ஆமா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குமிழைப் பிடித்தேன். பொரிந்த புள்ளிகள் அடங்கின. பிள்ளைகள் வரிசை வரிசையாக வந்தார்கள். முதலில் பையன்கள். அப்புறம் பெண்கள். எல்லோருக்கும் ஒரே தொப்பி, ஒரே நடை. இதில் யாரைக் கண்டுபிடிப்பது? நான் கோமதியைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

கேமரா ஒரு வரிசையின் ஓரமாக நகர்ந்தது. பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஏ, அன்னா! அன்னா போறா பாரு! நாடியத் தூக்கிக்கிட்டு! எங்கிட்டச் சண்டைக்கு வருவால்லா, அதே மூஞ்சி! அவதான், கோமதிதான்!"

கோமதியின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "ஆமா அத்தான், ஆமா, நம்ம புள்ளதான்."

"என்னா நட நடக்கா! கை பாரேன், ஒண்ணுபோல வீசுதா! ராசாத்தி!" பெரியவர் குரல் உடைந்துவிட்டது. அப்போதுதான் அவர் சுற்றிலும் பார்த்தார். "சுடலை எங்க? ஏலே சுடலை!"

ஜன்னல் வழியாகத் தம்பி தெரிந்தார். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, மூச்சைக்கூடப் பார்த்து விட்டுக்கொண்டு நின்றார். எங்கே ஆடிவிடுமோ என்ற பயம். பெரியவர் செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் களத்துமேட்டுக்குப் போய்விட்டார்.

"விடுலே! நான் பிடிக்கேன். போயிப் பாரு, நம்ம புள்ள போறா! போலே, மூதி!"

தம்பியைத் தள்ளிவிட்டு விளிம்பைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் டிஷ் ஆடியது. திரையில் படம் போயிற்று. வெறும் புள்ளி, இரைச்சல்.

அண்ணாச்சி உள்ளே ஓடிவந்தார். கையெல்லாம் துரு. டிவி முன்னால் வந்து நின்றார். நான் குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். ஒன்றும் இல்லை. கோமதியின் அம்மாவும் நானும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றோம்.

வெளியிலிருந்து பெரியவர் சத்தம் கொடுத்தார். "தெரியுதாலே? புள்ள தெரியுதா?"

அண்ணாச்சி அந்த வெள்ளைப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் வடிந்தது.

"தெரியுதுண்ணே!" என்று கத்தினார். "நல்லாத் தெரியுதுண்ணே!"

"நட எப்பிடி?"

"நல்லா நடக்காண்ணே!"

நான் சத்தத்தைக் குறைத்தேன். இரைச்சல் வெளியே கேட்டுவிடக் கூடாது.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அதற்குள் நான் டிவியை அணைத்திருந்தேன். பரேடு முடிந்துவிட்டது என்று கோமதியின் அம்மா சொன்னார். பெரியவர் தம்பி தோளில் கையை வைத்து, "புளியங்குடிக்காரங்கிட்ட நான் பேசிக்கிடுதேன். புள்ள படிக்கட்டும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த மெக்கானிக்குப் புள்ளைக்கு ஒரு வா சாப்பாடு போடுங்க, எத்தன நேரம் நிக்கும்" என்றார்.

சாப்பிட்டேன். வளைந்த கம்பியை மறுநாள் மாற்றிக் கொடுத்தேன்.

அன்றையிலிருந்து டிஷ் மாட்டுகிற வீடுகளில் இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். சாய்வுக் கம்பியில் நட்டுக்கு மேல் இன்னொரு லாக் நட்டு போடாமல் இறங்க மாட்டேன். வீட்டுக்காரர் "அது சரி" என்றால் நம்ப மாட்டேன், அவர் கையாலேயே குமிழைத் திருப்ப வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். நீங்களும் செய்யுங்கள்.

பரேடு எப்படி இருந்தது என்று கோமதி ஊருக்கு வந்ததும் கேட்டிருக்கிறாள். அப்பா அவள் நடையை, கைவீச்சை, தொப்பியை எல்லாம் வர்ணித்தார் என்று ரொம்ப காலம் கழித்து, போலீஸ் காக்கி உடுப்போடு எங்கள் கடைக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள். "எங்க அப்பா மாதிரி யாருமே பாக்கலக்கா" என்றாள்.

"ஆமா" என்றேன்.